தோட்டத்து அரணைகள் எத்தனை வகை, கடித்தால் விஷமா?

செங்கல்பட்டுப் பக்கம் புதிதாகக் குடிபோன வீட்டின் தோட்டத்தில் மூன்று மாதிரியான அரணைகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று தடித்தது, விலாவில் செந்நிறப் பட்டை. இன்னொன்று அதில் பாதி நீளம்கூட இல்லாத பழுப்பு நிறச் சின்னது. மூன்றாவது மெலிந்து நீண்டு, குட்டிக் கால்களோடும் சிவந்த வாலோடும் சருகுக்குள் நழுவிவிடுவது. பூந்தொட்டியில் நாலைந்து வெள்ளை முட்டைகளும் கிடைத்திருக்கின்றன. இவை ஒரே இனத்தின் ஆண், பெண், குட்டிதானா என்பது உங்கள் கேள்வி. ஆனால் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருப்பதையும், 'அரணை கடித்தால் மரணம்' என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துவதையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இவற்றைத் தோட்டத்தில் விட்டுவைக்கலாமா, அடித்துவிட வேண்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

தாராளமாக விட்டுவைக்கலாம். எந்த அரணைக்கும் விஷம் கிடையாது. உலகத்தில் 1,700-க்கும் மேற்பட்ட அரணை இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூட நச்சுப்பல்லோ கடித்து நஞ்சு செலுத்தும் அமைப்போ இல்லை. வாயில் இருப்பது பூச்சியைப் பிடித்து நசுக்குவதற்கான சின்னஞ்சிறு பற்கள். கையில் இறுக்கிப் பிடித்தால் பெரிய அரணை கவ்வும். கவ்விய இடத்தில் அழுத்தம் தெரியும், மெல்லிய தோலானால் லேசான கீறல் விழலாம். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கீறல் விழுந்திருந்தால், குழந்தைக்குத் தடுப்பூசிகள் காலத்தோடு போடப்பட்டிருக்கின்றனவா என்று அட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அரணைக்கு விஷமில்லை என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அப்படியானால் அந்தச் சொலவடை எங்கிருந்து வந்தது? மலையாளத்திலும் இதே சொலவடை அப்படியே வழங்குகிறது. கடிக்க வரும், வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும் என்று அரணையின் மறதியைப் பற்றிய பேச்சும் இரு பக்கமும் உண்டு. தோற்றம் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஊகமாகச் சிலவற்றைச் சொல்லலாம். வழுவழுப்பான உடல், நெளிந்து ஓடும் ஓட்டம், அடிக்கடி வெளியே வரும் நாக்கு மூன்றும் பாம்பை நினைவூட்டுகின்றன. சில ஊர்களில் பாம்பரணை என்றும் பாம்புராணி என்றும் பெயர் வைத்ததே அதனால்தான் இருக்க வேண்டும். இதைவிட முக்கியமான இன்னொரு காரணம் இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். அதன் பற்கள் மிகச் சிறியவை என்பதால் கடித்த தடம் பல சமயம் கண்ணுக்கே தெரியாது. வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. கடிபட்டவர் எறும்போ பூச்சியோ என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார். சில மணி நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு கண்ணிமை தாமாகத் தொங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத்திணறல். காலையில் அந்த அறையில் ஓர் அரணை ஓடினால் பழி அதன்மேல் விழுந்துவிடும். இப்படிச் சேர்ந்த பழிகள்தான் அந்தச் சொலவடைக்கு உயிர் கொடுத்திருக்கும் என்பது என் கணிப்பு, நிரூபிக்க வழியில்லை. ஆனால் நடைமுறைக்கு வேண்டியது தெளிவாக இருக்கிறது. அரணை பெரும்பாலும் பகலில் இயங்கும் பிராணி. வெயில் ஏறியபின் வெளியே வந்து, பொழுது சாய்வதற்குள் அடைந்துவிடும். ஆகவே இரவில் ஏதோ கடித்து, 'அரணையாகத்தான் இருக்கும்' என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். கடிபட்ட இடத்தைக் கட்டவோ கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். கை கால்களை அசைக்க விடாமல், 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோங்கள். அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைப்பதுதான் முறை. தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில், ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலைக்குள் தூங்குவது கட்டுவிரியனுக்கு எதிரான மிக நல்ல பாதுகாப்பு.

இனி உங்கள் மூன்று அரணைகள். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால் குறைந்தது இரண்டு இனங்கள், பெரும்பாலும் மூன்று. தடித்தது, அறிவியல் பெயரில் சொன்னால், யூட்ரோபிஸ் காரினாட்டா. நம் சமவெளிகளில் எல்லோரும் 'அரணை' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை 12 செ.மீ. வரை வளரும், வாலோடு சேர்த்தால் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. முதுகு வெண்கலப் பழுப்பு. கண்ணுக்கு மேலிருந்து வாலின் தொடக்கம் வரை இரு பக்கமும் வெளிறிய மஞ்சள் கோடு ஒன்று ஓடும். நீங்கள் பார்த்த சிவப்பு, இனப்பெருக்கக் காலத்து ஆணுக்கு விலாவில் ஏறும் நிறம். சீசன் முடிந்தால் மங்கிவிடும். ஆகவே விலாவில் சிவப்பு இல்லாத பெரிய அரணையைப் பார்த்து அது வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். பெண்ணாகவோ சீசன் முடிந்த ஆணாகவோ இருக்கும்.

சிவந்த வால்காரன் ரியோபா பங்டேட்டா. உடல் 8 செ.மீ. அளவு, கால்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியவை. முன்காலைப் பின்பக்கமாகவும் பின்காலை முன்பக்கமாகவும் நீட்டி உடலோடு ஒட்டவைத்தால் இரண்டும் தொட்டுக்கொள்ளா. காரினாட்டாவில் கால்கள் நீளமானவை, இடைவெளி இப்படி விழாது. ரியோபாவின் முதுகுச் செதில்களில் உள்ள கரும்புள்ளிகள் வரிசையாகச் சேர்ந்து கோடுகள் போலத் தெரியும். குட்டிகளுக்கு வால் பளிச்சென்ற சிவப்பு. வயதாக ஆக அந்தச் சிவப்பு குறையும். வெயிலில் காய்வதைவிடச் சருகு, கல், மரக்கட்டை இவற்றுக்கு அடியில் புழங்குவதுதான் இதன் வழக்கம். தொட்டியை நகர்த்தும்போது மட்டும் கண்ணில் படுவதற்கு அதுவே காரணம்.

இரண்டாவதாகச் சொன்ன சின்னதுதான் சிக்கலானது. அது காரினாட்டாவின் குட்டியாக இருக்கலாம். யூட்ரோபிஸ் மாகுலேரியா என்ற வேறு இனத்தின் வளர்ந்த அரணையாகவும் இருக்கலாம். மாகுலேரியா முழு வளர்ச்சியிலும் உடல் 7 செ.மீ. அளவைத் தாண்டுவது அரிது. இரண்டையும் பிரிக்க முதலில் பார்க்க வேண்டியது முதுகின் ஓரக்கோடு. காரினாட்டாவின் குட்டியில் அது தெளிவாக, தடையில்லாமல் ஓடும். மாகுலேரியாவில் மங்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. விலா கருத்து, அதன்மேல் சிறு வெண்புள்ளிகள் சிதறியிருக்கும். சீசனில் மாகுலேரியா ஆணுக்கு உதட்டோரமும் தொண்டையும் செம்மஞ்சளாகும். குட்டிக்கு இந்தச் சீசன் நிறம் வராது என்பதால், விரல் நீளமே உள்ள ஓர் அரணைக்குத் தொண்டை சிவந்திருந்தால் கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். உறுதியான அடையாளம் செதிலில்தான் இருக்கிறது. முதுகுச் செதில் ஒவ்வொன்றின் மேலும் நீளவாக்கில் மெல்லிய மேட்டுக்கோடுகள் ஓடும். காரினாட்டாவில் பெரும்பாலும் 3 முதல் 5 வரை, சில சமயம் 7. மாகுலேரியாவில் 5 முதல் 9 வரை. உடலின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வட்டம் எண்ணினால் காரினாட்டாவுக்கு 30-க்கும் 34-க்கும் இடையில் வரிசைகள் வரும், மாகுலேரியாவுக்கு 28 முதல் 30. இரண்டு எண்ணிக்கைகளிலும் ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடம் இருப்பதைக் கவனியுங்கள். அதனால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதிலேயே இன்னொரு வரம்பும் இருக்கிறது. மாகுலேரியா என்று இப்போது சொல்வது ஒரே இனம்தானா என்பதே ஆய்வாளர்களிடையே தீராத கேள்வி. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவிக் கிடக்கும் இந்தப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கலாம் என்றே மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே உங்கள் தோட்டத்துச் சின்ன அரணைக்கு நான் சொல்லும் பெயர் பத்து ஆண்டு கழித்து மாறியிருந்தால் வியப்படைய வேண்டாம். பெயர் மாறுவது இந்தக் கூட்டத்துக்குப் புதிதும் அல்ல. பழைய புத்தகங்களில் இவை எல்லாம் மாபுயா என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுப்பில், இருக்கும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியா என்று பல கண்டத்து அரணைகளை ஒரே கூடையில் போட்டிருந்தார்கள். 2002-ல் மரபணு ஒப்பீட்டை வைத்து அதைப் பிரித்தபோது ஆசியக் கிளைக்கு யூட்ரோபிஸ் என்ற பழைய பெயர் திரும்ப வந்தது. நூலகத்தில் மாபுயா காரினாட்டா என்று பார்த்தால் அது உங்கள் வீட்டு அரணையேதான்.

யூட்ரோபிஸ் கூட்டத்தின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. தீபகற்பத்துக்கே உரிய இத்தனை இனங்கள் இருப்பதால் இவை இங்கேயே தோன்றியவை என்றுதான் தோன்றும். ஆனால் 2012-ல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு வேறு கதை சொன்னது: மூதாதை தென்கிழக்கு ஆசியப் பக்கமிருந்து இந்தியாவுக்குள் வந்தது, வந்தபின் இங்கே கிளைத்துப் பல இனங்களானது. அந்தக் கிளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலத்தைப் பிடித்துக்கொண்டதைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே பார்க்கலாம். கடற்கரை மணல்மேடுகளில், அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த இடத்தில் யூட்ரோபிஸ் பிப்ரோனி ஓடும். இந்தியாவின் கிழக்குக் கடற்கரையிலும் இலங்கையிலும் அது உண்டு. அதன் கீழிமையில் கண்ணாடி போன்ற வட்டச் செதில் ஒன்று இருக்கிறது. கண்ணை மூடினாலும் வெளிச்சமும் உருவமும் தெரியும். மணல் கண்ணில் படாது. காரினாட்டாவின் கீழிமை முழுக்கச் செதில்தான், ஊடுருவிப் பார்க்க முடியாது. மாமல்லபுரம் பக்கம் போனால் பாலிதீன் குப்பை குறைவாக உள்ள மணல்மேடாகப் பார்த்து, அசையாமல் கால் மணி நேரம் நின்று பாருங்கள். மணல்மேட்டைச் சமன்செய்து சவுக்கு நட்ட இடங்களில் தேடிப் பயனில்லை. முதுகு நெடுக வெளிர்க்கோடுகள் ஓடும் யூட்ரோபிஸ் பெட்டோமி மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தது. இலங்கைக்கே உரிய யூட்ரோபிஸ் இனங்களும் உண்டு: 2008-ல் விவரிக்கப்பட்ட யூட்ரோபிஸ் தம்மன்னா அதில் ஒன்று.

சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் தங்கள் வீட்டுப் புல்வெளியில் பார்ப்பது யூட்ரோபிஸ் மல்டிபாசியேட்டா. அது முட்டை இடுவதில்லை, குட்டி போடும். ஒரே பேரினத்துக்குள் முட்டையிடுவதும் குட்டி போடுவதும் சேர்ந்திருப்பது அரணைக் குடும்பத்தில் அபூர்வமல்ல. முட்டையைக் காவல் காக்கும் யூட்ரோபிஸும் இருக்கிறது: தைவானின் லான்யூ தீவில் யூட்ரோபிஸ் லாங்கிகாடாட்டா பெண், முட்டை தின்னும் பாம்பு வந்தால் ஓடாமல் எதிர்த்துக் கடித்து விரட்டுகிறது. நம் காரினாட்டா அப்படியெல்லாம் செய்வதில்லை, இட்டுவிட்டுப் போய்விடும்.

மலைகளில் யூட்ரோபிஸைவிட வேறு அரணைகள்தான் அதிகம் ஆச்சரியப்படுத்தும். நீலகிரி, பழனி, ஆனைமலைச் சோலைகளின் சருகுக்குள் நீல வாலுள்ள சின்னஞ்சிறு அரணைகள் கேஸ்ட்லியா என்ற பேரினம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதே மலைக்கே உரிய இன்னொரு பேரினம் ரிஸ்டெல்லா. பூனையைப் போல நகத்தை உறைக்குள் இழுத்துக்கொள்ளும். மரத்திலேயே வாழும் டாசியாவில் ஒரு புதிய இனம் தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து 2012-ல்தான் விவரிக்கப்பட்டது. பறவை ஆராய்ச்சியைவிட அரணை ஆராய்ச்சிக்கு ஆள் குறைவு. இந்தக் குடும்பத்தில் இன்னும் பெயரிடாதவை நம் காலடியிலேயே இருக்கின்றன.

தோட்டத்துக்குத் திரும்புவோம். அரணை தின்பது கரப்பான், வெட்டுக்கிளி, கறையான், சிலந்தி, மண்புழு. பெரிய காரினாட்டா சின்னத் தவளையையும் சின்னப் பல்லியையும் விடாது. அரணையைத் தின்பவை செம்போத்து, வல்லூறு, மீன்கொத்தி, கீரி, பூனை, பலவகைப் பாம்புகள். 'அரணை இருந்தால் பாம்பு வரும்' என்பதில் அந்த அளவுக்குத்தான் உண்மை. வீட்டுக்குப் பாம்பை வரவைப்பது முக்கியமாக எலி. தவிட்டு மூட்டை, கோழித் தீவனம், சுவரோரம் அடுக்கிய செங்கல் ஆகியவற்றைச் சரிசெய்தால் பலன் தெரியும்; அரணையை அடிப்பதால் கரப்பான்தான் பெருகும்.

துரத்தினால் வாலை விட்டுவிட்டு ஓடும். வால் எலும்புகளின் நடுவே முறிவதற்கென்றே பலவீனமான தளம் இருக்கிறது. தசை சுருங்கி அங்கே முறிகிறது, ரத்தம் அதிகம் போகாது. துடிக்கும் வாலில் எதிரியின் கவனம் போகும். ஆனால் வால்தான் கொழுப்புச் சேமிப்பு, அதை இழந்த பெண் அரணைக்கு முட்டைக்கான சக்தி குறையும். புதிய வாலுக்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்புக் கம்பிதான். அதனால் அடுத்த முறை முறிய வேண்டுமானால் பழைய வாலின் மீதிப் பகுதியில்தான் முறிய முடியும். குழந்தை வாலைப் பிடித்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது அரணையின் நலனுக்காகவும்தான். குழந்தையின் நலனுக்கு வேண்டியது ஒன்றே: ஊர்வனவற்றின் குடலிலும் தோலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அரணை விழுந்த சாப்பாட்டையோ குடிநீரையோ கொட்டிவிட வேண்டியதும் இந்தக் கிருமியால்தான். அரணை செத்து ஊறினால் உணவு விஷமாகிறது என்பதில் இருக்கும் உண்மை இவ்வளவே.

தொட்டி, சம்ப், கழிவுநீர்க் குழி இவற்றில் விழுந்தால் வழுக்குச் சுவரில் ஏற முடியாமல் செத்துப்போகும். ஓரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றையோ சொரசொரப்பான கட்டையையோ சாய்த்து வையுங்கள். எலிக்கு ஒட்டுப்பசை அட்டை வைக்காதீர்கள், அரணையும் அதில் மாட்டும். மாட்டிவிட்டால் இழுக்கக் கூடாது. தோலும் வாலும் பிய்ந்துவிடும். சமையல் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, உடலும் பசையும் சேரும் விளிம்பில் சிறிது சிறிதாக விட்டு, தலையை முதலில், பிறகு முன்கால்கள், வயிறு, பின்கால்கள் என்று விடுவித்து வாலைக் கடைசியாக எடுங்கள். எண்ணெய் மூக்குத் துளையில் போகாமல் பார்க்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் ஒரு தடவை கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் விட்டுவிடலாம். வீட்டுக்குள் வராமல் இருக்கக் கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைத்தால் போதும். அது கட்டுவிரியனுக்கும் சேர்த்துக் காவல்.

முட்டைகளைப் பற்றி எழுத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஓடு கெட்டியாக, சுண்ணாம்புபோல் உடையக்கூடியதாக இருந்து, இரண்டிரண்டாக இருந்தால் அது வீட்டுப் பல்லி. தோல்போல மிருதுவாக இருந்தால் அரணையும் ஆகலாம், ஓணானும் ஆகலாம். ஓணான் பெரும்பாலும் மண்ணைத் தோண்டிப் புதைத்து மூடும். அரணை தொட்டிக்கு அடியிலும் சருகுக்கு அடியிலும் இடும். காரினாட்டா இரண்டிலிருந்து இருபது வரை இடக்கூடியது, மாகுலேரியா மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் நாலைந்து என்ற எண்ணிக்கை எதையும் தீர்மானிக்காது. நீண்டு, பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பாம்பு முட்டையாக இருக்க வாய்ப்புண்டு. அப்போது கைவைக்காமல் பாம்பு பிடிப்பவரிடமோ வனத்துறையிடமோ படம் அனுப்பிக் கேளுங்கள். அரணை அல்லது ஓணான் முட்டைதான் என்று தெரிந்தால், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி திரும்ப வைத்து, கொஞ்சம் ஈரமான மண்ணும் சருகும் போட்டு மூடிவிடுங்கள். அந்தத் தொட்டிக்கு நேராகக் குழாய்த் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், நன்றாகக் காயவும் விட வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி முட்டை கொஞ்சம் உப்பும், அது இயல்புதான்.

இனத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், பிடிக்காமலேயே மூன்று படங்கள் எடுங்கள்: கண்ணிமையும் காதுத்துளையும் தெரியும்படி தலையின் பக்கவாட்டுப் படம், காலை வெயில் சாய்வாக விழும்போது செதில் மேடுகள் தெரியும்படி முதுகு, தோளிலிருந்து வாலடி வரை விலா முழுவதும். அளவுக்கு அருகில் ஒரு பேனா கிடந்தால் நல்லது. அவற்றைப் போட்டால் காரினாட்டாவையும் ரியோபாவையும் நிச்சயமாகச் சொல்லிவிடலாம், அந்தச் சின்னதைப் பெரும்பாலும் சொல்லலாம்.